பல்கலைக்கழக ஆட்சிக்குழுவும் பணமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டின் மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றின் நிதிப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்பதால், மாணவர்களும் பெற்றோரும் இணைப்புக் கல்லூரி ஆசிரியர்களும் என்னிடம் கேட்பவை பெரும்பாலும் ஒரே கேள்விகளாகவே இருக்கின்றன. அவற்றை அவர்கள் கேட்ட சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். ஒவ்வொரு பல்கலைக்கழகத்திற்கும் தனிச் சட்டம் உண்டு. சென்னைக்கு 1923ஆம் ஆண்டுச் சட்டம், மதுரைக்கு 1965, அண்ணா பல்கலைக்கழகத்திற்கு 1978, பாரதியாருக்கும் பாரதிதாசனுக்கும் 1981. ஆகவே உறுப்பினர் எண்ணிக்கையும் சில பெயர்களும் இடத்திற்கு இடம் மாறும். பணம் நகரும் வழி ஏறக்குறைய ஒன்றுதான்.

சிண்டிகேட், சிண்டிகேட் என்கிறார்களே, அது யார்? துணைவேந்தருக்கு மேலா, கீழா?

ஆட்சிக்குழு என்று தமிழிலும் சிண்டிகேட் என்று பேச்சிலும் வழங்கும் இந்த அமைப்புதான் பல்கலைக்கழகத்தின் நிர்வாக அதிகாரம் படைத்த குழு. துணைவேந்தர் அதன் தலைவர். உயர்கல்வித் துறைச் செயலர் போன்ற அரசுச் செயலர்களும் சில துறை இயக்குநர்களும் பதவி வழி உறுப்பினர்கள். இவர்களோடு பேராசிரியர்கள், கல்லூரி முதல்வர்கள், ஆசிரியர்கள் ஆகியோரிலிருந்து தேர்ந்தெடுக்கப்படுவோரும் நியமிக்கப்படுவோரும் இருப்பார்கள். வேந்தர் ஆளுநர், இணைவேந்தர் உயர்கல்வி அமைச்சர். பதிவாளர் கூட்டத்தைக் கூட்டி நடவடிக்கைக் குறிப்பை எழுதுவார்.

மேலா கீழா என்ற கேள்விக்கு நேரான பதில்: பல்கலைக்கழகத்தின் சொத்தையும் நிதியையும் வைத்திருந்து நிர்வகிக்கும் அதிகாரத்தைச் சட்டம் குழுவிடம் கொடுத்திருக்கிறது, அன்றாட நிர்வாகத்தைத் துணைவேந்தரிடம் கொடுத்திருக்கிறது. அவசரம் என்றால் துணைவேந்தர் குழுவின் சார்பில் தாமே முடிவெடுத்து, அடுத்த கூட்டத்தில் அதை வைத்துப் பின்னேற்பு பெறலாம். விதிவிலக்காக இருக்க வேண்டிய இந்த வழி வழக்கமாகிவிட்டால், குழு முடிவெடுக்கும் இடமாக இல்லாமல், எடுத்த முடிவைப் பதிவு செய்யும் இடமாகச் சுருங்கிவிடும். நடவடிக்கைக் குறிப்பில் ‘பின்னேற்பு அளிக்கப்பட்டது’ என்ற தொடர் எத்தனை முறை வருகிறது என்று பார்த்தாலே ஒரு பல்கலைக்கழகம் எப்படி நடக்கிறது என்பது ஓரளவு தெரிந்துவிடும்.

அப்படியானால் செனட் எதற்கு? பணத்தில் கடைசி வார்த்தை யாருடையது?

செனட் எனப்படும் ஆட்சிப்பேரவை பெரிய அவை. அது ஆண்டுக்கு மிகச் சில முறையே கூடுகிறது. ஆண்டறிக்கை, கணக்கு, வரவு செலவுத் திட்டம் ஆகியவை அங்கே வைக்கப்படும். உறுப்பினர்கள் கேள்வி எழுப்பலாம். அண்ணா பல்கலைக்கழகத்தின் சட்டத்தில் செனட் என்ற அமைப்பே கிடையாது. கல்விக்குழு பாடத்திட்டத்தையும் தேர்வையும் கவனிக்கும். பணம் அதன் வேலையில்லை.

உண்மையில் பணம் பற்றிய பேச்சு சூடாக நடக்குமிடம் நிதிக்குழு. பாரதியார், பாரதிதாசன் போன்ற பல்கலைக்கழகங்களின் சட்டப்படி துணைவேந்தர், நிதித்துறைச் செயலர், உயர்கல்விச் செயலர், ஆட்சிக்குழு தன்னிடமிருந்து நியமிக்கும் மூவர் என்று அது சிறிய குழு. ஆண்டுக்கு இரு முறையாவது கூட வேண்டும். அந்த ஆண்டின் வருவாய்க்கு ஏற்ப எவ்வளவு செலவு செய்யலாம் என்ற உச்சவரம்பை அதுதான் பரிந்துரைக்கிறது. செயலர்கள் நேரில் வராமல் தம் பிரதிநிதிகளை அனுப்புவது வழக்கம். பிரதிநிதி ‘அரசின் கருத்தைப் பெற்றுச் சொல்கிறேன்’ என்று சொல்லிவிட்டால் அந்தப் பொருள் அடுத்த கூட்டத்திற்குத் தள்ளிப்போகும். பல திட்டங்கள் தாமதமாவதன் காரணம் இவ்வளவுதான்.

அரசுப் பல்கலைக்கழகம் என்றால் பணம் முழுவதும் அரசுதானே கொடுக்கிறது?

இல்லை. மாநில அரசு ஆண்டுதோறும் தொகுப்பு மானியம், அதாவது மொத்தமாக ஒரு தொகை, கொடுக்கிறது; பழைய பல்கலைக்கழகங்களில் அது சம்பளச் செலவுக்கே போதாது. மீதி, தேர்வுக் கட்டணம், கல்லூரிகள் செலுத்தும் இணைப்புக் கட்டணம், தொலைநிலைக் கல்வி, சான்றிதழ்க் கட்டணம், வைப்புநிதி வட்டி ஆகியவற்றிலிருந்து வர வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழுவின் நிதி, அதன் சட்டத்தின் 12பி பிரிவில் சேர்க்கப்பட்ட நிறுவனங்களுக்கே கிடைக்கும். அதுவும் குறிப்பிட்ட திட்டங்களுக்குத்தான்.

இவற்றில் தொலைநிலைக் கல்விதான் பல ஆண்டுகள் தாங்கிப் பிடித்த தூண். மானியக் குழு 2017இலும் 2020இலும் கொண்டுவந்த ஒழுங்குமுறைகளில் அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் எல்லைக்குள் மட்டுமே நடத்த வேண்டும், தர மதிப்பீடு இருக்க வேண்டும் என்ற கட்டுப்பாடுகள் இறுகியபோது அந்தத் தூண் ஆட்டம் கண்டது. பழைய பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து மாவட்டங்களைப் பிரித்துப் புதிய பல்கலைக்கழகம் தொடங்கும்போதும், கல்லூரிகளோடு இணைப்புக் கட்டணமும் தேர்வுக் கட்டணமும் போய்விடும். ஆனால் ஓய்வூதியதாரர்கள் பழைய இடத்திலேயே இருப்பார்கள். 2002இல் திருவள்ளுவர் பல்கலைக்கழகம் உருவானபோது சென்னைப் பல்கலைக்கழகத்திற்கு நேர்ந்தது இதுதான்.

பட்ஜெட்டை யார் போடுகிறார்கள்? துணைவேந்தர் நினைத்ததை எழுதிவிடலாமா?

நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது என்றால், முந்தைய ஆண்டின் கடைசி மாதங்களிலேயே நிதி அலுவலர் எல்லாத் துறைகளுக்கும் சுற்றறிக்கை அனுப்பிவிடுவார். துறைகள் தேவையைக் கேட்கும், நிதிப் பிரிவு வெட்டும், நிதிக்குழு மீண்டும் வெட்டும், ஆட்சிக்குழு ஏற்கும், செனட் உள்ள இடங்களில் செனட்டுக்குப் போகும். துணைவேந்தரின் விருப்பத்திற்கு இடமுண்டு. ஆனால் சம்பளம், ஓய்வூதியம், மின்கட்டணம், தேர்வுப் பணிக்கான மதிப்பூதியம் ஆகியவை போனபின் விருப்பத்திற்கு மிஞ்சும் தொகை மிகச் சிறியது.

அச்சிட்ட பட்ஜெட் புத்தகம் கையில் கிடைத்தால் ஒரு பக்கத்தை நிதானமாகப் பாருங்கள். ஒவ்வொரு தலைப்பின் எதிரிலும் சென்ற ஆண்டின் உண்மைச் செலவு, நடப்பாண்டின் மதிப்பீடு, நடப்பாண்டின் திருத்திய மதிப்பீடு, வரும் ஆண்டின் மதிப்பீடு என்று வரிசையாக எண்கள் இருக்கும். எல்லோரும் கடைசி எண்ணையே படிக்கிறார்கள். முதல் எண்ணையும் கடைசி எண்ணையும் சேர்த்துப் படிக்க வேண்டும். ‘ஆய்வகக் கருவிகள்’ என்ற தலைப்பில் ஆண்டுதோறும் பெருந்தொகை ஒதுக்கப்பட்டு, உண்மைச் செலவு என்ற பத்தியில் ஆண்டுதோறும் சொற்பமே இருந்தால், அந்த ஒதுக்கீடு காகித அளவில் நிற்கிறது என்று பொருள்.

தேர்வுக் கட்டணத்தை ஏற்றுவது யார்? அரசா, பல்கலைக்கழகமா?

ஆட்சிக்குழுதான். சட்டப்படி அரசின் முன் அனுமதி தேவைப்படாத இடங்களிலும் அரசின் விருப்பம் செல்லும் என்பது வேறு. 2023 நவம்பரில் அண்ணா பல்கலைக்கழகத்தில் தாள் ஒன்றுக்கு 150 ரூபாயாக இருந்த தேர்வுக் கட்டணம் 225 ரூபாயாக உயர்த்தப்பட்டு எதிர்ப்பு எழுந்தபோது, அந்தப் பருவத்திற்கு உயர்வு நிறுத்திவைக்கப்படுவதாக உயர்கல்வி அமைச்சர் அறிவித்தார். கட்டணத்தை நிறுத்திவைப்பது எளிது; அதனால் குறையும் வருவாயை மானியமாக ஈடுசெய்வதும் உடன் நடந்தால்தான் கணக்கு நேராகும்.

புதுக் கட்டடம் கட்டக் காசு இருக்கிறது, சம்பளம் கொடுக்கக் காசு இல்லையா? யாரை ஏமாற்றுகிறார்கள்?

என்னிடம் அதிகமாகக் கேட்கப்பட்ட கேள்வி இதுவே. மற்றப் பதில்கள் பலவற்றுக்கும் அடிப்படை இதுதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். பல்கலைக்கழகத்தின் பணம் ஒரே பையில் இல்லை. அஞ்சறைப்பெட்டியைப் போலத் தனித்தனி அறைகளில் இருக்கிறது. ஒவ்வொரு தொகையும் எதற்காக வந்தது என்ற நிபந்தனையோடுதான் உள்ளே வருகிறது. உயர்கல்வி மேம்பாட்டுக்காக 2013இல் தொடங்கிய ரூசா என்ற மத்திய அரசுத் திட்டத்தில் மத்திய அரசு 60 விழுக்காடும் மாநில அரசு 40 விழுக்காடும் கொடுத்தன. அதன் உள்கட்டமைப்பு மானியத்திலேயே புதிய கட்டடத்திற்கு 35, பழையதைப் புதுப்பிக்க 35, கருவிகளுக்கு 30 விழுக்காடு என்று பிரித்துவைத்திருந்தார்கள். அந்தப் பணத்தில் ஒரு ரூபாயைக் கூடச் சம்பளத்திற்கு எடுக்க முடியாது.

பணம் செலவானபின் பயன்பாட்டுச் சான்றிதழ் தர வேண்டும். எந்த நோக்கத்திற்குக் கொடுக்கப்பட்டதோ அதற்கே செலவிடப்பட்டது என்று நிதி அலுவலரும் நிறுவனத் தலைவரும் கையெழுத்திடுவார்கள். சான்றிதழ் போகாவிட்டால் அடுத்த தவணை வராது. வங்கியில் கிடந்த நாளுக்குச் சேர்ந்த வட்டியைக் கூடக் கணக்கில் காட்ட வேண்டும். ஆகவே சம்பளம் இல்லாத மாதத்தில் கட்டட வேலை நடப்பது பார்ப்பதற்கு அநியாயமாகத் தோன்றினாலும், அந்த வேலையை நிறுத்துவதால் சம்பளம் வந்துவிடாது.

இதைச் சொன்னதும் ஆட்சிக்குழுவுக்குப் பொறுப்பே இல்லை என்று ஆகிவிடாது. புதுக் கட்டடத்திற்கு மானியம் கேட்டு விண்ணப்பிப்பதா, அல்லது உள்ள கட்டடத்தைச் செப்பனிட விண்ணப்பிப்பதா என்பதைத் தீர்மானிப்பது அவர்கள்தாம். மானியத்தில் எழும் கட்டடத்திற்கு அடுத்த முப்பது ஆண்டுகளுக்கு மின்சாரம், துப்புரவு, காவல், பழுதுபார்ப்பு ஆகிய செலவுகளைப் பொது நிதிதான் சுமக்கும். திட்டத்தை ஏற்கும் நாளில் இந்தத் தொடர்செலவைக் கேட்ட உறுப்பினர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

கோடிக்கணக்கில் டெபாசிட் இருக்கிறதாமே, அதை எடுத்துச் சம்பளம் கொடுத்தால் என்ன?

வைப்புநிதியிலும் மேலே சொன்ன அறைகள் உண்டு. மூலநிதி, ஓய்வூதிய நிதி, அறக்கட்டளைகள், மாணவர்களின் முன்வைப்புத் தொகை, ஆய்வுத் திட்டங்களின் நிலுவை எனப் பலவும் ஒரே வங்கியில் நிலை வைப்பாக இருப்பதால் மொத்தத் தொகை பெரிதாகத் தெரியும். நெருக்கடி மாதத்தில் ஒரு நிதியிலிருந்து இன்னொன்றிற்கு ‘தற்காலிகமாக’ எடுப்பது நடக்கிறது. எடுக்கும்போது ஒரு தீர்மானம் இருக்கும். திருப்பிவைக்கும் நாள் அந்தத் தீர்மானத்தில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

ஓய்வூதிய நிதியைக் கரைப்பது எல்லாவற்றிலும் ஆபத்தானது. 2003 ஏப்ரல் 1க்கு முன் பணியில் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் உண்டு. அரசு ஊழியருக்குக் கருவூலம் கொடுக்கும், பல்கலைக்கழக ஊழியருக்குப் பல்கலைக்கழகமே கொடுக்க வேண்டும். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் அண்மை ஆண்டுகளில் சம்பளமும் ஓய்வூதியமும் மாதக்கணக்கில் தடைபட்டது எல்லோரும் அறிந்த செய்தி. இதன் கடைசிக் கட்டத்தை அண்ணாமலைப் பல்கலைக்கழகம் காட்டியது. வருவாய்க்கு மீறிய பணியாளர் எண்ணிக்கையால் அது தள்ளாடியபோது, 2013இல் தனிச் சட்டம் இயற்றி மாநில அரசே அதை ஏற்றுக்கொண்டது. மிகையாக இருந்த ஆயிரக்கணக்கானோர் அரசுக் கல்லூரிகளுக்கும் அலுவலகங்களுக்கும் மாற்றப்பட்டார்கள்.

என் மகளுக்கு ஸ்காலர்ஷிப் கொடுப்பது சிண்டிகேட்டா, தாசில்தாரா?

பெரும்பாலான உதவித்தொகைகளில் ஆட்சிக்குழுவுக்குப் பங்கில்லை. ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கான மெட்ரிக் மேற்படிப்பு உதவித்தொகை மத்திய மாநில அரசுகளுடையது. பெற்றோரின் ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். ஆதிதிராவிடருக்கான உதவித்தொகையில் 2020-21 முதல் மத்திய அரசு 60, மாநில அரசு 40 என்ற பங்கீடு. பிற்படுத்தப்பட்ட, மிகப் பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கு அந்தந்த நலத்துறை. தொழிற்படிப்பில் முதல் பட்டதாரிக்கான கல்விக் கட்டணச் சலுகை 2010-11இல் தொடங்கிய மாநிலத் திட்டம். அரசுப் பள்ளியில் படித்து 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டில் பொறியியல் போன்ற படிப்புகளில் சேர்ந்தவர்களின் கட்டணத்தை 2021 முதல் அரசே செலுத்துகிறது. மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் 2022 செப்டம்பரிலும் தமிழ்ப்புதல்வன் 2024 ஆகஸ்டிலும் தொடங்கின. வட்டாட்சியர் தருவது வருமானச் சான்றும் சாதிச் சான்றும் முதல் பட்டதாரிச் சான்றுமே.

பல்கலைக்கழகம் தன் கையிலிருந்து தருபவை வேறு: ஆய்வு மாணவர்க்கான உதவித்தொகை, அறக்கட்டளைப் பரிசுகள், கட்டண விலக்குகள். சென்னைப் பல்கலைக்கழகம் 2010-11இல் தொடங்கிய இலவசக் கல்வித் திட்டம் இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. இணைப்புக் கல்லூரிகளில் ஏழை மாணவர்களுக்கென்று இடங்களைப் பெற்று, ஆதரவற்றோர், முதல் தலைமுறைப் பட்டதாரிகள் போன்றோருக்கு முன்னுரிமை கொடுக்கும் திட்டம் அது. இதற்குத் தனி மானியம் எதுவும் தேவைப்படவில்லை. கல்லூரிகளை இணங்கவைக்கும் செல்வாக்குதான் தேவைப்பட்டது. ஆட்சிக்குழு பணமில்லாமலும் செய்யக்கூடியவை உண்டு என்பதற்கு இதை உதாரணமாகச் சொல்வேன்.

ஸ்காலர்ஷிப் சேங்ஷன் ஆகிவிட்டது என்கிறார்கள், பணம் வரவில்லை. காலேஜ் பீஸ் கட்டச் சொல்கிறது. என்ன செய்வது?

முதலில் எந்தத் திட்டம் என்று பாருங்கள். மெட்ரிக் மேற்படிப்பு உதவித்தொகையில் மத்திய அரசின் பங்கு இப்போது கல்லூரிக்குப் போகாமல் மாணவரின் வங்கிக் கணக்கிற்கே நேராக வருகிறது. அதனால் ‘அரசு கட்டிவிடும்’ என்று பெற்றோரும் ‘மாணவர் கட்டவில்லை’ என்று கல்லூரியும் நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

இரண்டாவது, எந்தக் கணக்கு என்று பாருங்கள். ஒரு மாணவியின் தாயார் விண்ணப்பத்தில் எழுதிய கணக்கின் புத்தகத்தோடு வந்து, ஒரு காசும் வரவில்லை என்று காட்டினார். பணம் வந்திருந்தது, ஆனால் வேறு வங்கியில். ஆதார் வழியாக அனுப்பும் தொகை, கடைசியாக எந்த வங்கிக் கணக்கோடு ஆதார் இணைக்கப்பட்டதோ அதில்தான் விழும். அந்த மாணவி இடையில் வேறொரு வங்கியில் கணக்குத் தொடங்கி மறந்திருந்தாள். இரண்டும் சரியாக இருந்தும் பணம் வரவில்லை என்றால், உதவித்தொகைக்கான விண்ணப்ப எண்ணைக் குறிப்பிட்டுத் துறைத் தலைவர் வழியாகப் பதிவாளருக்குக் கட்டண அவகாசம் கேட்டு எழுதுங்கள். அவகாசம் கொடுப்பது பல்கலைக்கழகத்தின் அதிகாரத்திற்குள் உள்ளது. வாய்மொழியாகக் கேட்டால் எழுத்தரின் மனநிலையைப் பொறுத்துப் பதில் வரும். எழுதிக் கேட்டால் கோப்பு உருவாகும்.

அறக்கட்டளைப் பரிசு அந்தக் காலத்திலும் 500 ரூபாய், இப்போதும் 500 ரூபாய். மீதியை யார் சாப்பிடுகிறார்கள்?

பெரும்பாலும் யாரும் சாப்பிடவில்லை. கொடையாளர் தந்த மூலத்தொகையைத் தொடாமல் வட்டியை மட்டும் செலவிடுவதுதான் அறக்கட்டளையின் விதி. 5 லட்சம் ரூபாய்க்கு 8 விழுக்காடு வட்டி கிடைத்தால் ஆண்டுக்கு 40,000. அதுவே 6 விழுக்காடானால் 30,000. கட்டணம் ஏறும்போது வட்டி இறங்குகிறது. முன்பு ஒரு மாணவரின் முழுச் செலவையும் ஏற்ற பரிசு இப்போது பேருந்துச் செலவுக்குக் காணாது.

வட்டியில் ஒரு பங்கை மூலத்தோடு சேர்த்து வந்திருந்தால் நிலைமை இவ்வளவு மோசமாகியிருக்காது. அதற்கு அறக்கட்டளைப் பத்திரத்தில் இடம் வேண்டும். புதிதாகக் கொடை தருகிறவர்களுக்கு நான் சொல்வது: குறைந்த தொகையில் பெயர் மட்டும் நிற்கும் தங்கப்பதக்கத்தை விட, வட்டியில் ஒரு பகுதியை மூலத்தில் சேர்க்க வேண்டும், சில ஆண்டுகள் தகுதியானவர் இல்லையென்றால் அந்தத் தொகையை அடுத்த துறைக்கு மாற்றலாம் என்று இரண்டு வரிகளைப் பத்திரத்திலேயே எழுதுங்கள். கொடையாளர் மறைந்தபின் அந்த வரிகளைச் சேர்ப்பது பெரும்பாடு.

ஒரு கட்டடம் கட்ட ஏன் இத்தனை வருஷம்? தனியார் ஒன்பது மாதத்தில் முடிக்கிறாரே?

ஆட்சிக்குழு முதலில் கொள்கையளவில் ஏற்கும். பொறியியல் பிரிவோ பொதுப்பணித் துறையோ மதிப்பீடு தயாரிக்கும். பின் நிர்வாக ஒப்புதல், தொழில்நுட்ப ஒப்புதல், திட்ட அனுமதி, தீயணைப்புத் துறைச் சான்று, ஒப்பந்தப்புள்ளி. பொதுப்பணித் துறையின் விலைப்பட்டியலை வைத்துப் போட்ட மதிப்பீட்டின் அடியில் தொழிலாளர் நல நிதிக்கு 1 விழுக்காடு, ஜிஎஸ்டி 18 விழுக்காடு, எதிர்பாராச் செலவு என்று வரிகள் வரும். நான்கு கோடி என்று பேசிய கட்டடம் ஐந்து கோடியை நெருங்குவது இந்த அடி வரிகளில்தான்.

வேலை தொடங்கியபின் பணம் நகர்வது அளவுப் புத்தகத்தின் வழியாக. எம்புக் என்றால்தான் களத்தில் எல்லோருக்கும் புரியும். உதவிப் பொறியாளர் சுவரின் எண்ணிக்கை, நீளம், அகலம், உயரம் என்று பத்தி பத்தியாக எழுதி, கடைசியில் கதவு, ஜன்னல் இடங்களைக் கழிக்க வேண்டும். அந்தக் கழிவு வரி விடுபட்டிருந்தால் கட்டாத சுவருக்குப் பணம் போயிருக்கிறது என்று பொருள். தணிக்கையாளர் முதலில் தேடுவது அதைத்தான். இதையெல்லாம் தனியாரும் ஏதோ ஒரு வடிவில் செய்கிறார். ஆனால் அவர் யாருக்கும் எழுதிக் காட்ட வேண்டியதில்லை.

டெண்டரில் குறைந்த விலை சொன்னவருக்குத்தான் கொடுக்க வேண்டுமா? அதனால்தானே மழையில் ஒழுகுகிறது?

1998ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகள் வெளிப்படைத்தன்மைச் சட்டப்படி, தகுதி பெற்றவர்களுள் குறைந்த விலை கேட்டவரையே ஏற்க வேண்டும். விலையைக் குறைக்கச் சொல்லிப் பேசுவதும் அவரோடு மட்டுமே. தகுதி என்ற சொல்லில்தான் சூட்சுமம் இருக்கிறது. முன் அனுபவம், ஆண்டு விற்றுமுதல், பொறியாளர்கள், இயந்திரங்கள் ஆகியவற்றுக்கான நிபந்தனைகளை அழைப்பிலேயே ஒழுங்காக எழுதியிருந்தால் அரைகுறை ஒப்பந்ததாரர் விலை உறையைத் திறக்கும் கட்டத்திற்கே வரமாட்டார். நிபந்தனையை ஒருவருக்கு மட்டும் பொருந்துமாறு எழுதினால் அதுவே முறைகேடு.

ஒப்பந்தப்புள்ளி சமர்ப்பிக்க 2 கோடி ரூபாய் வரையிலான வேலைக்கு 15 நாளும் அதற்கு மேற்பட்டதற்கு 30 நாளும் குறைந்தது தர வேண்டும் என்பது விதி. நாளைக் குறைத்திருந்தால் எழுத்தில் காரணம் இருக்க வேண்டும். அதைக் கேட்டுப் பாருங்கள். ஒழுகுவதைப் பொறுத்தவரை, கட்டி முடித்தபின் குறைபாட்டுப் பொறுப்புக் காலம் ஒன்று உண்டு. அதுவரை ஒப்பந்ததாரரின் தொகையில் ஒரு பகுதி நிறுத்திவைக்கப்படும். ஒழுகலை அந்தக் காலத்திற்குள் எழுத்தில் தெரிவிக்காத துறைத் தலைவருக்கும் அதில் பங்கு உண்டு.

பழைய கட்டடங்களுக்கு வீணாக ஏன் செலவு? இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டலாமே?

மெரினாவைப் பார்த்து நிற்கும் சென்னைப் பல்கலைக்கழகச் செனட் மாளிகை 1874க்கும் 1879க்கும் இடையில் ராபர்ட் சிசோம் வடிவமைப்பில் எழுந்தது. அதுபோன்ற மரபுக் கட்டடங்களில் இடிப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை. சுண்ணாம்புக் காரை, வண்ணக் கண்ணாடி, மரவேலை ஆகியவற்றுக்குப் பொதுப்பணித் துறையின் வழக்கமான விலைப்பட்டியல் உதவாது; கைத்திறன் உள்ளவர்களை வைத்துத் தனி விலை போட வேண்டும். வழக்கமான குறைந்த விலை முறையில் சிமெண்ட் பூசிவிட்டால் ஈரம் உள்ளே தங்கிச் சுவர் கெடும். மற்றபடி நாற்பது ஆண்டுக் கான்கிரீட் கட்டடங்களைப் பற்றிக் கேட்டால், உறுதித்தன்மை அறிக்கையைப் பார்த்துத்தான் பதில் சொல்ல முடியும்.

துணைவேந்தரே இல்லாத பல்கலைக்கழகத்தில் யார் கையெழுத்துப் போடுகிறார்கள்?

துணைவேந்தர் பதவி காலியாகும்போது, உயர்கல்விச் செயலரை ஒருங்கிணைப்பாளராகக் கொண்ட குழு அமைக்கப்பட்டு அது பணிகளைக் கவனிக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் 2023 ஆகஸ்டில் துணைவேந்தரின் பதவிக்காலம் முடிந்தபின் நீண்ட காலம் இந்த ஏற்பாடே நீடித்தது. துணைவேந்தர் பதவிக்குப் பெயர்களைப் பரிந்துரைக்கும் தேடுதல் குழுவில் பல்கலைக்கழக மானியக் குழுவின் பிரதிநிதி வேண்டுமா என்பதில் ஆளுநருக்கும் அரசுக்கும் எழுந்த பிணக்கு இதன் பின்னணி. 2025 ஏப்ரல் 8 அன்று, ஆளுநர் நிறுத்திவைத்த பத்து மசோதாக்கள் ஒப்புதல் பெற்றதாகவே கருதப்படும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவற்றுள், துணைவேந்தர் நியமன அதிகாரத்தை ஆளுநரிடமிருந்து அரசுக்கு மாற்றிய திருத்தங்களுக்கு அடுத்த மாதமே சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது.

பணத்தைப் பொறுத்தவரை இதன் விளைவு நுட்பமானது. சம்பளப் பட்டியல் நகரும், தேர்வு நடக்கும். ஆனால் முதல் பதிலில் சொன்ன அவசர அதிகாரத்தை எடுக்கவோ, பெரிய கட்டடத் திட்டத்தில் துணிந்து கையெழுத்திடவோ, புதிய மானியத்தைத் துரத்தவோ ஒருவரும் முன்வர மாட்டார்கள். தலைமைச் செயலகத்தில் பல துறை வேலைகளுக்கு நடுவில் இருக்கும் ஒருங்கிணைப்பாளரின் மேசையில் பல்கலைக்கழகக் கோப்பு வரிசையில் காத்திருக்கும்.

பல்கலைக்கழகத்துக்கே வருமான வரியா? அது கல்வி நிறுவனம்தானே?

கல்விக்காகவே இயங்கி, அரசின் நிதியால் முழுமையாகவோ கணிசமாகவோ நடக்கும் பல்கலைக்கழகத்தின் வருமானத்திற்கு வரிவிலக்கு உண்டு. ‘கணிசமாக’ என்பதற்கு விதி ஒரு கோடு போட்டது: மொத்த வரவில் 50 விழுக்காட்டுக்கு மேல் அரசு மானியமாக இருக்க வேண்டும். அதற்குக் கீழே போனால் வேறொரு பிரிவில் தனி ஒப்புதல் பெற்று, வருமானத்தில் 85 விழுக்காட்டைக் கல்விக்கே செலவிட்டதாகக் காட்ட வேண்டும்.

இப்போது மூன்றாவது கேள்வியின் பதிலோடு இதைச் சேர்த்துப் பாருங்கள். அரசு மானியம் குறைகிறது. பல்கலைக்கழகம் சொந்த வருவாயில் சமாளிக்கிறது. சமாளித்ததாலேயே வரிவிலக்கு பறிபோகிறது. 2024இன் தொடக்கத்தில் வருமான வரித்துறை 424 கோடி ரூபாய் நிலுவை என்று கூறிச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் 37 வங்கிக் கணக்குகளை முடக்கியதன் பின்னால் இருந்த சிக்கல் இதுதான். அதே ஆண்டில், கல்லூரிகளுக்குப் பல்கலைக்கழகம் வழங்கும் இணைப்புக்கு 18 விழுக்காடு ஜிஎஸ்டி உண்டு என்றும் தெளிவுபடுத்தப்பட்டது. மானியத்தில் நடக்கும் ஆய்வுப் பணிகளுக்கு விலக்குக் கிடைத்தது மட்டும் ஆறுதல்.

தணிக்கைத் தடை ஆயிரக்கணக்கில் நிலுவை என்று செய்தி வருகிறதே, அவ்வளவும் ஊழலா?

தணிக்கைத் தடை என்பது, தணிக்கையாளர் ஒரு செலவை ஏற்காமல் எழுதிவைக்கும் குறிப்பு. அவ்வளவும் ஊழல் இல்லை. அவ்வளவும் வெறும் காகிதத் தவறும் இல்லை. பல்கலைக்கழகக் கணக்கை உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறை தணிக்கை செய்கிறது. முன்பணம் பெற்றவர் ரசீது தராதது, அரசாணை இல்லாமல் நிரப்பிய பணியிடம், ஊதிய நிர்ணயத்தில் பிழை, அளவுப் புத்தகத்தில் கழிவு விடுபட்டது என எல்லாமே தடைப் பத்திகளாக வரும். தேர்வு மைய முன்பணம் மட்டும் ஒரு பெரும் பகுதி. கண்காணிப்பாளர் பணி ஓய்வு பெற்று, சில வேளை இறந்தும் போயிருப்பார், அவர் பெயரில் முன்பணம் நிலுவையில் நிற்கும்.

அனுமதியில்லாத பணியிடங்கள் வேறு வகை. தணிக்கை ஏற்காத செலவை அரசு மானியக் கணக்கில் சேர்க்காது என்பதால், ஓர் ஆட்சிக்குழு என்றோ நிறைவேற்றிய நியமனத் தீர்மானத்தின் விலையைப் பிற்கால மாணவர்களின் கட்டணம் சுமக்கிறது. எண்ணிக்கையைப் பார்க்காமல் தடைப் பத்தியின் தன்மையைப் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

இதையெல்லாம் சாதாரண ஆள் பார்க்க முடியுமா? கேட்டால் கொடுப்பார்களா?

தகவல் பெறும் உரிமைச் சட்டம் 2005இன்படி பல்கலைக்கழகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் கட்டணத்தோடு விண்ணப்பிக்கலாம். 30 நாளுக்குள் பதில் வர வேண்டும். வராவிட்டால் அதே பல்கலைக்கழகத்தின் மேல்முறையீட்டு அலுவலர், அதன்பின் மாநிலத் தகவல் ஆணையம். நடந்துகொண்டிருக்கும் ஒப்பந்தப்புள்ளியின் விலை ஒப்பீட்டை மறுக்கலாம். முடிந்துபோனதை அப்படி மறுப்பது கடினம்.

‘ஊழல் விவரம் தருக’ என்று எழுதினால் ஒன்றும் கிடைக்காது. ‘ஏன் இப்படிச் செய்தீர்கள்’ என்று கேட்டாலும் கிடைக்காது, ஏனென்றால் சட்டம் கொடுப்பது ஆவணத்தை. ஆகவே ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்: இன்ன தேதிய ஆட்சிக்குழுக் கூட்டத்தின் பொருள் நிரல், அதன் நடவடிக்கைக் குறிப்பு, இன்ன பொருள் எண்ணின் இணைப்புகள், இன்ன கட்டடத்தின் திருத்திய மதிப்பீடு, இன்ன மானியத்தின் பயன்பாட்டுச் சான்றிதழ். கூட்ட நாளன்று மேசையில் வைக்கப்படும் கூடுதல் பொருள்களுக்குத் தனி நிரல் இருக்கும். அலுவலகத்தில் அதற்கு டேபிள் ஐட்டம் என்று பெயர். அதையும் சேர்த்துக் கேட்க மறக்க வேண்டாம், முன்கூட்டியே அனுப்பாமல் கடைசி நேரத்தில் வந்த பொருள்கள் அதில்தான் இருக்கும்.